துணைவாய்

2043-ஆம் வருஷம் மார்ச் முதல் நீலகிரி டீத்தூளில் பாதிக்கு நல்லது கெட்டது சொல்வது என் வாய்தான். என் மனைவி குணசுந்தரி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "பாதியாவது ஒண்ணாவது, நூத்துல மூணு பங்கு இருக்கும்" என்பாள். மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் மீட்டர் காட்டிய எண்ணை மட்டுமே எழுதிய மனுஷன் நான். ஓய்வுக்குப் பிறகாவது கொஞ்சம் கூட்டிச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

வண்டிச்சோலையில் எங்களுக்கு அடுத்த வீடு ஹெலன் சுகிர்தாவுடையது. வயது நாற்பத்தாறு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். குன்னூரில் ஏலத்துக்கு வரும் டீயை முன்கூட்டியே ருசி பார்த்து மதிப்புப் போடும் தரகு நிறுவனம் ஒன்றில் தலைமை ருசிபார்ப்பாளர். செவ்வாய்க்கிழமை காலையில் நீள மேசைமேல் வெள்ளைக் கப்புகள் வரிசையாக நிற்கும். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சுகிர்தா கரண்டியால் எடுத்து, 'உஸ்ஸ்ர்ர்' என்று ஒரே இழுப்பாக இழுப்பாள். அந்தச் சத்தத்தில் எதிர்மலையில் காட்டெருமை தலை தூக்கிப் பார்க்கும். வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, அடுத்த கப்புக்கு நகர்வாள். ஒரு காலையில் முந்நூறு கப். இலையை மழையில் பறித்தார்களா, உலர்த்துகிற இடத்தில் ஆள் தூங்கிப் போனானா, எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். உலர்த்தியவன் என்ன கனவு கண்டான் என்றுகூடச் சொல்லுவாள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

அப்படிப்பட்டவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. காரணம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஏமாந்து போனார்கள். யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, வேலையிலும் குறையில்லை. மூன்று மாதம் ஜன்னல் திரை திறக்கவில்லை. குணசுந்தரி கொண்டுபோய் வைக்கும் ரசம் சாதம் வைத்தபடியே திரும்பி வரும். கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவர் பார்த்தார். முதல் மாத்திரை பலிக்கவில்லை, இரண்டாவதும் இல்லை, மூன்றாவது ஒத்துக்கொள்ளவில்லை. நாலாவது மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம், ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏன் அண்ணா, அந்த ரோஜாச்செடிக்குத் தண்ணி ஊத்தறதா உத்தேசமே இல்லையா? சாகடிக்கறதுன்னா ஒரேயடியா சாகடிங்க!"

அறுபத்துநாலு வயசில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இவ்வளவு இனிப்பான திட்டு கேட்டதில்லை. குணசுந்தரி சமையலறையில் நின்று அழுதாள். நான் அழவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் கண்ணிலிருந்தும் ஊற்றியிருக்கலாம்.

ஆனால் அந்த நாலாவது மாத்திரை ஒரு கூலி கேட்டது. சுகிர்தாவின் வாய் வறண்டு போனது. நாக்கு மேலண்ணத்தில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டது. பிஸ்கெட்டைக் கடித்தால் சிமெண்ட். ஒரே வருஷத்தில் மூன்று பல் சொத்தை. நிமிஷத்துக்கொரு மடக்குத் தண்ணீர் குடித்தாள், சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்றாள், செயற்கை எச்சில் என்று ஒரு புட்டியை வாய்க்குள் அடித்துக்கொண்டாள். எச்சில் ஊற வைக்கத் தனி மாத்திரையும் கொடுத்தார்கள். அது ஊற வைத்தது, ஆனால் வாயை விட்டுவிட்டு உடம்பு முழுக்க. டிசம்பர் மாதக் குன்னூரில் ஊரே குல்லாயும் ஸ்வெட்டருமாக நடுங்கும்போது இவள் மட்டும் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. முந்நூறு கப்பும் ஒரே டீயாகத் தெரிந்தது.

"அண்ணி, மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றாள் ஒருநாள், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

குணசுந்தரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நிறுத்தினா?"

"நாக்கு திரும்பி வந்துடும்."

"நீ திரும்பிப் போயிடுவே."

மாத்திரை இருந்தால் சுகிர்தா இருப்பாள், அவள் வேலை இருக்காது. மாத்திரையை விட்டால் வேலை இருக்கும், சுகிர்தா அந்தத் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். மறுநாளே குணசுந்தரி அவளைக் கையைப் பிடித்து, பல் டாக்டர் அனீஸிடம் இழுத்துக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

டாக்டர் அனீஸ் சின்னப் பெண். ஆனால் பேசினால் எனக்கே புரியும்.

"சுரப்பி நல்லாத்தான் இருக்கு சார். 'சாப்பாடு வருது, ஊறு'ன்னு மூளையிலேருந்து நரம்பு வழியா ஒரு சேதி வரும். இந்த மாத்திரை, அந்தச் சேதியை வாங்கற கதவை அடைச்சுடுது. நரம்பு தட்டுது, உள்ளே கேக்கல."

"அதாவது லைன்ல கரண்ட் இருக்கு, பல்பும் நல்லாருக்கு, நடுவுல ஃபியூஸ் போயிருக்கு."

"அதேதான்! இப்போ நாம ஃபியூஸைத் தொடாம, பல்புக்குத் தனியா ஒரு லைன் இழுக்கப் போறோம்."

அரிசி அளவில் ஒரு பொருளைச் சின்ன டப்பியிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதற்கு நீளமாக ஏதோ பெயர் இருந்தது, எல்லோரும் 'ஊறி' என்றுதான் சொல்கிறார்கள். தாடைக்கடியில், சுரப்பி ஓரமாக வைப்பார்கள். அது மெல்லத் துடித்தால் எச்சில் வரும்.

"எப்போ துடிக்கணும்னு அதுக்கு யார் சொல்லுவா?" என்று கேட்டாள் சுகிர்தா.

"அதான் சிக்கல். வாசனை, பேச்சு, பயம், தூக்கம், பொறாமை, எதெதுக்கு எவ்வளவு ஊறணும்னு எழுதி முடியல. ஆறு வருஷம் எழுதிப் பார்த்தாங்க. கல்யாண வீட்டுல வறண்டுது, சாவு வீட்டுல ஒழுகுச்சு." டாக்டர் சிரித்தாள். "கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நல்லா ஊறற இன்னொரு வாயைக் கடன் வாங்கறது. அவங்க காதுக்குக் கீழே ஒரு ஒட்டு ஒட்டிடுவோம். அவங்களுக்கு எப்போ, எவ்வளவு ஊறுதோ, அப்போ, அவ்வளவே இவங்களுக்கும். பேரு துணைவாய்."

சோதனை செய்ய ஒரு கருவி வைத்திருந்தாள். முதலில் குணசுந்தரி உட்கார்ந்தாள். மாவடு காட்டினார்கள், மைசூர்பாகு காட்டினார்கள். முள் அசையவில்லை. "பசிக்கும்போது சாப்பிடுவேன், அவ்வளவுதான்" என்றாள் பெருமையாக. அடுத்து என் முறை. டாக்டர் மாவடு ஜாடியின் மூடியைத் திறக்கக்கூட இல்லை, கையை அதன் பக்கம் கொண்டுபோனாள். முள் கடைசி எண்ணைத் தாண்டிப் போய் ஒடிந்தது. குணசுந்தரி 'ஒடியலை, ஆடிச்சு' என்று சொல்வாள். ஒடிந்தது.

ஊறி சுகிர்தாவின் தாடைக்கடியில் போனது, ஒட்டு என் காதுக்குக் கீழே வந்தது. அதற்கப்புறம் வந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரில் உணவுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். பத்தேகாலுக்குப் போன்.

"அண்ணா! ஏழாவது கப்புல பூண்டு! இலையை அள்ளினவங்க பூண்டு உரிச்ச கையோட அள்ளியிருக்காங்க. எனக்குத் தெரியுது அண்ணா! எனக்குத் தெரியுது!"

அவள் கத்திய கத்தலில் மலை ரயில் அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்தது.

கஷ்டங்களும் இருந்தன, மறைக்கவில்லை. என் வாய் ஊறுவதற்கு நேரங்காலம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பஞ்சத்தைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில் சுகிர்தாவுக்கு வாயில் வெள்ளம். வெளியே வந்து போன் போட்டாள்.

"அண்ணா, இது தவக்காலம். நாப்பது நாள் நான் கறி தொடறதில்லை. இப்போ என்ன தின்னுட்டிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் தின்னலையேம்மா."

"அப்புறம்?"

"எதிர்வீட்டுல நல்லி எலும்பு வேகுது. சும்மா நினைச்சுப் பார்த்தேன்."

"கொஞ்சம் நினைக்காம இருங்க. கர்த்தர் என் கணக்குல எழுதிடப் போறார்."

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. என்னிடம் ஒரு குறை. நல்ல விஷயம் ஒன்று கையில் கிடைத்தால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சுகிர்தா பெயரைச் சொல்லக்கூடாது என்று குணசுந்தரி சத்தியம் வாங்கியிருந்தாள். பெயரைச் சொல்லவில்லை. சலூனில் உட்கார்ந்து, "குன்னூர் டீ இப்போ யார் வாய்ல ஊறுதுன்னு தெரியுமா?" என்று மட்டும் ஆரம்பித்தேன். குன்னூரில் டீ ருசி பார்க்கிற, என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிற, ஒரு பெண்மணி என்றேன். பெயரைச் சொல்லவேயில்லை, பாருங்கள்.

பக்கத்து நாற்காலியில் சோப்பு நுரைக்குள் உட்கார்ந்திருந்தவர் பொன்னுரங்கம். மூணாம் வளைவில் டீ பாக்டரி வைத்திருப்பவர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், பேச்சு குறைவு.

அடுத்த செவ்வாய் பத்தேகாலுக்கு அவர் ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நின்றது. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார்" என்று ஒரு தூக்குச்சட்டியை நீட்டினார். மூடியைத் திறந்தேன். மட்டன் சுக்கா. குணசுந்தரி செவ்வாய்க்கிழமை காலைகளில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள். எனக்குச் சர்க்கரை உண்டு, கொழுப்பு உண்டு, இரண்டையும் கட்டிக்காக்க அவள் உண்டு. அவள் இல்லாத இரண்டு மணி நேரத்தில் ஒரு தூக்குச்சட்டி! மின்வாரியத்தில் இருந்த காலம் முழுக்க ஒருத்தர் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை, நானும் வாங்கிக்கொண்டதில்லை. ஓய்வு பெற்றவனுக்கு மரியாதை இப்படித்தான் தாமதமாக வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நெய்மீன் வறுவல். அதற்கடுத்த வாரம் பரோட்டாவும் சால்னாவும். ஒன்பது வாரம் வந்தார். ஒருமுறைகூட அவர் உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டதில்லை. "எனக்கு வேண்டாம் சார், நீங்க சாப்பிடுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நல்ல மனுஷன்!

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை, இரண்டு விஷயம் ஒரே சாயங்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தன. முதலாவது என் ரத்தப் பரிசோதனை. குணசுந்தரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள், திரும்பக் காகிதத்தைப் பார்த்தாள். இரண்டாவது சுகிர்தா. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்குக் கங்கி அக்கா ஆபீஸுக்கு வந்தாங்க" என்றாள்.

கங்கி அக்கா சிறு விவசாயிகளின் கூட்டுறவு பாக்டரிக்குத் தலைவி. நூற்றுநாற்பது குடும்பத்தின் இலை அங்கேதான் போகிறது. கத்திப் பேச மாட்டார், ஆனால் அவர் பேசாமல் நின்றால் எதிரே நிற்பவர்களுக்கு வியர்க்கும்.

"சண்டை போட்டாங்களா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"இல்ல அண்ணி. ஒரு பிளாஸ்கை மேசைமேல வச்சு, 'இதைக் குடிச்சுட்டுச் சொல்லு'ன்னாங்க. அப்போ மூணு மணி. குடிச்சேன். அருமையான டீ. யாரோடதுன்னு கேட்டேன். 'எங்களோடது. செவ்வாய்க்கிழமை நீ கரகரப்பு, சப்புன்னு இருக்குன்னு எழுதினியே, அதே தூளு. ஒன்பது வாரமா அப்படித்தான் எழுதறே'ன்னாங்க." சுகிர்தா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூத்திநாப்பது வீடு அண்ணி. என் நாக்கு பொய் சொல்லியிருக்கு. இந்த மாத்திரையோட இந்த வேலை ஆகாது, எனக்குப் புரிஞ்சுடுச்சு. மாத்திரையை விட்டுடறேன்."

குணசுந்தரி என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"கங்கி அக்கா டீ எத்தனை மணிக்கு உன் மேசைக்கு வரும்?" என்று சுகிர்தாவைத்தான் கேட்டாள், ஆனால் பார்வை என் மேலேயே இருந்தது.

"பதினொன்றரைக்கு. வரிசை முந்தின நாளே அச்சாயிடும், எல்லா பாக்டரிக்கும் தெரியும்."

"நான் கோயில்ல இருக்கற நேரம், பத்தரைக்கு யாரோடது?"

"மூணாம் வளைவு. பொன்னுரங்கம்."

"ஏங்க" என்றாள் குணசுந்தரி. "செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு நீங்க என்ன சாப்பிடறீங்க?"

சொன்னேன். ஒன்பது வாரத்தையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதே வாய் ஊறியது, எதிரே உட்கார்ந்திருந்த சுகிர்தாவும் எச்சிலை விழுங்கினாள். அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

"எச்சில் நிறைய இருந்தா டீயோட துவர்ப்பு அடங்கிடும்" என்றாள் சுகிர்தா, தனக்குத்தானே சொல்வதுபோல. "எந்த மோசமான டீயும் பட்டு மாதிரி இறங்கும். பதினொன்றரைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்."

"தூங்கினா வாய் காஞ்சுடும். எந்த நல்ல டீயும் கரகரக்கும்." அவள் எழுந்தாள். குரல் உயரவே இல்லை. "என் வாய்க்குள்ள உட்கார்ந்து லஞ்சம் வாங்கியிருக்கீங்க அண்ணா."

வாசல் கதவை அவள் சாத்திய சத்தம் ஊட்டிவரை கேட்டிருக்கும். இதைக் குணசுந்தரியும் மறுக்கவில்லை.

மூன்று நாள் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அவள் ஜன்னல் திரை திறந்திருக்கிறதா என்று மணிக்கொருதரம் எட்டிப் பார்த்தேன். திறந்திருந்தது. தினமும் காலையில் குணசுந்தரி கதவைத் தட்டி, "போட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டு, "போட்டுட்டேன்" என்ற பதிலோடு திரும்பி வந்தாள். என்னோடு குணசுந்தரி பேசியது சாப்பாட்டு நேரத்தில்தான், அதுவும் கஞ்சி என்ற ஒரே வார்த்தை. நாலாம் நாள் திங்கட்கிழமை சாயங்காலம் சுகிர்தா வேலியருகே வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில என்னோட ஆபீஸுக்கு வரணும். வெறும் வயித்தோட. வாயை நல்லாக் கொப்புளிச்சுட்டு."

மறுநாள் அந்த நீள மேசையைச் சுற்றி இருநூறு பேர் நின்றார்கள். சரி, இருபத்திரண்டு பேர். பாக்டரிக்காரர்கள், தரகு நிறுவனத்தின் பெரியவர், மூலையில் கங்கி அக்கா, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு பொன்னுரங்கம். சுகிர்தா வெள்ளை மேலங்கியோடு மேசையின் தலைமாட்டில் நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ரெண்டு வருஷமா மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறேன்" என்றாள்.

குன்னூரில் இருமலுக்கு மருந்து சாப்பிடுவதைச் சொல்லுவார்கள், மூட்டுவலியைப் பாட்டாகவே பாடுவார்கள். இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"அதனால எனக்கு எச்சில் ஊறாது. இவர் வாயைக் கடன் வாங்கித்தான் ருசி பார்த்தேன். இவருக்கு நேரம் பார்த்து யாரோ சாப்பாடு போட்டிருக்காங்க. யாருன்னு நான் கேக்கலை, எனக்கு வேண்டாம். அந்த ஒன்பது வாரமும் நான் எழுதினது தப்பு. எல்லா பாக்டரி டீயையும் இன்னிக்கு மறுபடி பார்க்கறேன், பேரை மறைச்சு, வரிசையைக் கலைச்சு. இனிமே இவர் என் பக்கத்துல நின்னு, நான் குடிக்கற கப்பையேதான் குடிப்பாரு. இந்த டீக்கு ஊறினா எனக்கும் ஊறட்டும், இல்லன்னா வேண்டாம்."

"எதுக்கும்மா இவ்வளவு தலைவலி?" என்றார் ஒருவர். "மாத்திரை கீத்திரை இல்லாத வேற ஆளைப் போட்டா முடிஞ்சுது."

தரகு நிறுவனத்துப் பெரியவர் தாடையைத் தடவினார். அவர் தலையாட்டினால் எல்லாம் போச்சு. சுகிர்தா கரண்டியை இறுகப் பிடித்திருந்தாள்.

கங்கி அக்கா மூலையிலிருந்தே பேசினார். "எங்களுக்குக் குறைச்சு எழுதினது இந்த நாக்குதான். ஆனா அதே வாரம் மூணு மணிக்கு, தப்புன்னு என் எதிர்ல ஒத்துக்கிட்டதும் இந்த நாக்குதான். இத்தனை வருஷத்துல வேற எந்த நாக்கும் எங்ககிட்ட ஒத்துக்கிட்டதில்ல. எனக்கு இதுவே போதும்."

பெரியவர் கையை இறக்கினார். "ஆரம்பிம்மா" என்றார்.

முதல் கப். இருபத்திரண்டு ஜோடிக் கண்கள் என் வாயைப் பார்த்தன. பயத்தில் என் நாக்கு ராஜஸ்தானுக்குப் போய்விட்டது.

"அண்ணா" என்று சுகிர்தா கிசுகிசுத்தாள். "எனக்கு ஒரு சொட்டு வரலை."

"எனக்கும்தான்."

"அவங்களைப் பார்க்காதீங்க. கப்பைப் பாருங்க. இழுங்க."

கண்ணை மூடிக்கொண்டு அவளைப் போலவே 'உஸ்ஸ்ர்ர்' என்று இழுத்தேன். அவளுக்கு இருபது வருஷப் பழக்கம், எனக்கு அதுதான் முதல் தடவை. டீ தொண்டைக்குப் போகாமல் நேராக மூக்குக்கு ஏறி, அங்கிருந்து பெரியவரின் டை மேல் இறங்கியது. அறையே அதிர்ந்தது. கங்கி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பெரியவர் டையைப் பார்த்து, "நிறம் நல்லாருக்கு" என்றார். சுகிர்தா மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பில் என் பயமெல்லாம் கரைந்து போய், வாயில் ஊற்றுத் திறந்தது. அவள் சிரிப்பை நிறுத்தி, நாக்கால் உதட்டைத் தடவினாள்.

"வந்துடுச்சு" என்றாள். "போகலாம்."

மூன்று மணி நேரம் நடந்தோம். பாலும் சர்க்கரையும் இல்லாத டீயை நான் அதுவரை டீ என்றே மதித்ததில்லை. முப்பதாவது கப்புக்கு மேல் என் வாயே ஆள் பார்த்து ஊறத் தொடங்கியது. சிலதுக்குத் தானாகச் சுரந்தது, சிலதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுகிர்தா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மறைத்த பெயர்களைத் திறந்தார்கள். கூட்டுறவு பாக்டரி மேலேயிருந்து நாலாவது. மூணாம் வளைவு கீழேயிருந்து இரண்டாவது.

திரும்பிப் பார்த்தேன். பொன்னுரங்கம் கதவோரத்தில் இல்லை.

வேலை தப்பியது, மாத்திரையும் தப்பியது. ஆனால் வீடு திரும்பியதும் எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாளே, நாளைக்கு ஊர் என்ன பேசும்? அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்களோ?

மறுநாள் காலை ஏழரைக்கு எங்கள் வாசல் மணி அடித்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர். ரொம்ப நேரம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, "அந்த ஒட்டு... எங்கே கிடைக்கும்?" என்றார். எட்டேகாலுக்கு வெலிங்டனிலிருந்து மீசை வைத்த சுபேதார் ஒருவர். "எனக்கில்லை, என் சிநேகிதனுக்கு" என்றார். சிநேகிதனுக்காக அவரே மூன்று தரம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மத்தியானத்துக்குள் ஏழு பேர். இது கூட்டிச் சொன்ன எண் இல்லை, குணசுந்தரியே எண்ணினாள். ஏழு பேரும், ஊரிலேயே தான் ஒருத்தர் மட்டும்தான் அந்த மாத்திரை சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

துணைவாய்க்கு ஆள் சேர்க்கும் வேலை என்னுடையதானது. சலூனில் உட்கார்ந்து பேசுவதற்கு இப்போது எனக்கு அனுமதியே உண்டு. சுபேதாருக்கு, அதாவது அவர் சிநேகிதனுக்கு, வறுக்கி போடும் பேக்கரி மாஸ்டரின் வாய் கிடைத்தது. காலை ஐந்து மணிக்கு அடுப்பு திறக்கும்போது சுபேதார் படுக்கையிலிருந்து துள்ளி எழுகிறாராம். பட்டாளத்தில் ஊதின கொம்புக்குக்கூட அவர் இப்படி எழுந்ததில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

ஐந்தாம் நாள் பொன்னுரங்கத்தின் ஸ்கூட்டர் வந்தது. குணசுந்தரி கேட்டைத் திறக்காமல் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"இன்னிக்கு என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கேக்க வந்திருக்கேன்."

உள்ளே வந்தும் உட்காரவில்லை. சுகிர்தா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"மூணு வருஷமா நானும் சாப்பிடறேன். உங்க மாத்திரையேதான்னு நினைக்கறேன். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. இவருக்குக் கொண்டாந்தது எதையும் நான் ருசி பார்த்ததில்ல. பார்த்தாலும் தெரியாது. நல்லாருக்கான்னு வாசனையை வச்சு, இவர் முகத்தை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்." காலண்டரின் மடங்கிய ஓரத்தை நிமிர்த்திவிட்டார். "பாக்டரியில என் டீயைக் குடிச்சுப் பார்த்தா எனக்கு ஒண்ணும் தெரியலை. மத்தவங்களைக் கேக்க பயம். கேட்டா ஏன்னு கேப்பாங்க. நல்லாத்தான் இருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன். மார்க்கு குறையக் குறைய, சரி, மார்க்கையாவது சரி பண்ணுவோம்னு... தப்புத்தான்மா."

சுகிர்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து டாக்டர் அனீஸை அழைத்தாள்.

அவருக்கு வாய் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டுக் கங்கி அக்காவே கிளம்பி வந்துவிட்டார். "என் வாயை எடுத்துக்கட்டும். என் டீயைக் குடிச்சு எனக்கு ஊறும்போதெல்லாம் இவனுக்கும் ஊறட்டும். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியல" என்றார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அனீஸின் அறையில் எல்லோரும் கூடினோம். பொன்னுரங்கத்தின் தாடைக்கடியில் தையல் ஆறியிருந்தது. கங்கி அக்கா காதுக்குக் கீழே ஒட்டோடு, கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். சுகிர்தா இரண்டு வெள்ளைக் கப்பில் டீ போட்டு வைத்திருந்தாள், பாலும் இல்லாமல், சர்க்கரையும் இல்லாமல். ஒன்றைக் கங்கி அக்கா கையிலும் இன்னொன்றைப் பொன்னுரங்கம் கையிலும் கொடுத்தாள். டாக்டர் விசையைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து குடிங்க" என்றாள்.

குடித்தார்கள். பொன்னுரங்கத்தின் தொண்டை ஏறி இறங்கியது. கண் அகன்றது. நாக்கை வாய்க்குள் மெதுவாக நகர்த்திப் பார்த்தார், புது வீட்டுக்குள் அறை அறையாக நடந்து பார்ப்பவரைப் போல. பிறகு அந்தப் பெரிய முகம் சின்னக் குழந்தையினுடையதாகச் சுருங்கியது.

"அய்யய்யோ" என்றார். "இது யாரோட டீ?"

கங்கி அக்கா கப்பைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"உங்களோடதுதான் சார்" என்றாள் சுகிர்தா.

இன்னொரு வாய் குடித்தார். "மூணு வருஷமா இதையா ஜனங்க குடிச்சாங்க?" போனை எடுத்தார். "டேய், உலர்த்தறதை நிறுத்துங்க. ஆமா, இப்பவே. கருகின வாடை அடிக்குது, மூணு பேர் இருக்கீங்க, ஒருத்தனுக்கும் தெரியலையா? நான் வர்றேன்."

எழுந்து கதவுவரை போனார். கப் இன்னும் கையிலேயே இருந்தது. அதை வாங்கிக்கொள்ள டாக்டர் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே, முகத்தைச் சுளித்துக்கொண்டே, அந்த மோசமான டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

"இன்னொரு கப் இருக்காம்மா?" என்றார்.